எண்ணிக்கையில் விடுபட்டவர்கள்



அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அடைக்கல அன்னை. அவரோடு, அங்கே தங்கி மறைப்பணியும் தமிழ்ப்பணியும் ஆற்றிய வீரமாமுனிவரும் (1680-1747) நினைவுக்கு வருகிறார். பரமார்த்த குரு கதையை நமக்குத் தந்தவர் அவர்தான். அக்கதையில் ஆற்றைக் கடந்து கரையேறிய சீடர்கள் ஆட்களை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஓர் ஆள் குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டதென்று எல்லோரும் அழுகிறார்கள். சிரிக்க வைக்கும் இக்கதையில் இன்றைய பள்ளிகளுக்கும் ஒரு பாடம் உண்டு.

பின்தங்கியவை என்று பெயர் பெற்றிருந்த நம் இரு மாவட்டங்களும் இன்று கல்வியில் தலைநிமிர்ந்து நிற்கின்றன. 2022-ல் பிளஸ் டூ தேர்வில் பெரம்பலூர் 97.95 விழுக்காடு பெற்று மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. 2023-ல் பத்தாம் வகுப்பிலும் அம்மாவட்டமே முதலிடம். 2024-ல் பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31 விழுக்காடும், 2025-ல் பிளஸ் டூவில் 98.82 விழுக்காடும் பெற்று முதலிடத்துக்கு வந்தது. இதற்காக உழைத்த ஆசிரியப் பெருமக்களை மனதாரப் பாராட்டுவோம்.

ஆனால் தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியவர்களை மட்டுமே எண்ணுகிறது. ஒன்பதாம் வகுப்பில் 100 பேர் இருந்த ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். 90 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி 88 பேர் தேறினால், விழுக்காடு 97-க்கும் மேல். இடையில் நின்றுபோன 10 பேர் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாள் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் சுமார் 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி பலரைத் திடுக்கிட வைத்தது. நூறு விழுக்காடு காட்ட வேண்டும் என்ற ஆசையில், படிப்பில் பின்தங்கிய பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே அனுப்பிவிடும் பள்ளி, தன் பணியையே மறந்துவிடுகிறது.

நல்ல தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை அன்றன்றே பார்ப்பார். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்புவார், அல்லது தாமே போவார். ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளுக்குத் திறமையான ஆசிரியரை ஒதுக்குவார். வகுப்பின் கடைசி பெஞ்சில் அமர்ந்து கவனிப்பார். குறை காண அல்ல, ஆசிரியருக்குக் கைகொடுக்க. பசியோடு வரும் பிள்ளையிடம் பாடம் ஏறாது என்பதும் அவருக்குத் தெரியும். 2022-ல் தொடங்கிய அரசின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. நம் பள்ளிகள் பலவற்றுக்கு இது பெரிய உதவி.

99 விழுக்காடு மிக நல்ல தேர்ச்சிதான். ஆனால் நம் ஆண்டவர் சொன்ன உவமையில் ஆயன் 99 ஆடுகளோடு நிறைவடையவில்லை. காணாமற்போன ஒன்றைத் தேடிப் போனான். ஏழைகளுக்கும் குடும்ப ஆதரவு இல்லாதவர்களுக்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் முதலில் உதவ வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-லேயே வலியுறுத்தியது.

கதையில் விடுபட்டவர் எண்ணியவரே என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆசிரியர் பெற்றோரைக் குறை சொல்கிறார். பெற்றோர் ஆசிரியரைக் குறை சொல்கிறார்கள். பங்கு மக்களாகிய நாம் அரசைக் கைகாட்டுகிறோம். ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டே எண்ணுகிறோம். அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்ததும், "நம் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளை யார்?" என்று கேட்போம். வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவனும், இளவயதிலேயே திருமணம் பேசப்படும் சிறுமியும் அப்போது நம் கண்ணில் படுவார்கள். மாலையில் பங்கு மன்றத்தைத் திறந்து விளக்கேற்றி வைத்தால், சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது முன்வருவார்.

நம்மையும் சேர்த்து எண்ணுவோம். விடுபட்ட பிள்ளைகளைத் தேடிச் செல்வோம். அடைக்கல அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக!