கூடையைச் சரமாக்கும் சிப்

கரூரில் பாலிடெக்னிக் படிக்கும் வாசகர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவர்கள் லேபில் எஃப்பிஜிஏ (வேண்டிய சுற்றை நாமே எழுதிக்கொள்ளும் சிப்) போர்டுகளுக்கு டிசைன் ஏற்ற, யூஎஸ்பி பிளாஸ்டர் என்ற சிறிய பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் பத்து பின் ரிப்பன் கேபிள். பழுதான பெட்டி ஒன்றைத் திறந்தபோது, உள்ளே யூஎஸ்பி சிப் போக ஆல்டெரா நிறுவனத்தின் சிப் ஒன்றும் இருந்திருக்கிறது. “போர்டுக்குப் போய்வருவது நாலே நாலு சிக்னல்தானே? அதை யூஎஸ்பி சிப்பே பார்த்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்கிறார்.

அந்த நாலு சிக்னல்களுக்குப் பெயர் ஜேடேக். 1985-இல் கூடிய ஒரு தொழில்துறைக் குழுவின் பெயர் அது. அந்தக் குழு வகுத்த முறை 1990-இல் ஐஇஇஇ 1149.1 என்ற தரநிலையானது. கடிகாரத் துடிப்புக்கு ஒன்று, வழி காட்ட ஒன்று, தகவல் உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பிட் உள்ளே போகும், ஒரு பிட் வெளியே வரும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 4 மெகாபைட் கோப்பு என்றால் 3 கோடியே 35 லட்சம் பிட்டுகள். யூஎஸ்பி ஃபுல் ஸ்பீடில் காலம் 1 மில்லிசெகண்ட் துண்டுகளாக ஓடுகிறது. கணினி ஒரு பிட்டை அனுப்பி, பதிலை வாங்கி, அதன் பிறகே அடுத்ததை அனுப்பும் என்றால், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிசெகண்ட் வைத்தாலும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே பிட்டுகளை 6 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் தொடர்ந்து தள்ளினால் ஆறு நொடிக்குள் முடிந்துவிடும். யூஎஸ்பி பிளாஸ்டரின் துடிப்பு 6 மெகாஹெர்ட்ஸ்தான்.

என் சித்தி பூக்கட்டுவார். மார்க்கெட்டிலிருந்து பூ பஸ்ஸில்தான் வரும், கூடை கூடையாக. பஸ் எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை. வந்த கூடையைக் கவிழ்த்தால், விரல்கள் ஒரே வேகத்தில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுச் சரமாக்கிவிடும். கூடை காலியானால் நார் அப்படியே நிற்கும், அவிழ்ந்துபோகாது. அந்த ஆல்டெரா சிப் செய்வது இந்த வேலைதான். யூஎஸ்பி மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவதை அது பிட் பிட்டாகச் சரம் தொடுக்கிறது.

அந்த சிப் ஒரு சிபிஎல்டி. எஃப்பிஜிஏவைவிட மிகச் சிறியது. மின்சாரம் போனாலும் தனக்குள் எழுதப்பட்ட சுற்றை மறக்காது. முதலில் வந்த யூஎஸ்பி பிளாஸ்டரில் இருந்தது ஈபிஎம்7064. அதில் மொத்தம் 64 மேக்ரோசெல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிட் நினைவு. இவ்வளவு சின்ன இடத்தில் அதை வடிவமைத்தவர்கள் வகுத்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பு.

கணினியிலிருந்து வரும் பைட்டின் உச்சி பிட்டை சிப் முதலில் பார்க்கும். அது 0 என்றால், கடைசி ஆறு பிட்டுகள் அப்படியே பின்களுக்குப் போகும்: ஒன்று துடிப்புக்கு, ஒன்று வழிகாட்டிக்கு, ஒன்று தகவலுக்கு, பெட்டியில் உள்ள எல்இடிக்குக்கூட ஒன்று. இது கையால் ஒவ்வொன்றாக ஆட்டுவது. ஒரு முழுத் துடிப்புக்கு, கடிகாரம் கீழே ஒரு பைட், மேலே ஒரு பைட் என இரண்டு பைட் செலவு. உச்சி பிட் 1 என்றாலோ, கடைசி ஆறு பிட்டுகள் ஒரு எண்ணிக்கை. ‘இனி வரும் இத்தனை பைட்டுகள் வெறும் தகவல், நீயே துடிப்புப் போட்டுத் தள்ளிவிடு’ என்று பொருள். ஆறு பிட்டில் அதிகபட்சம் 63. கட்டளை பைட் ஒன்றையும் சேர்த்தால் 64. ஃபுல் ஸ்பீட் யூஎஸ்பியின் பெரிய மூட்டையும் சரியாக 64 பைட்தான். ஒரே மூட்டையில் 504 பிட்டுகள் போய்விடுகின்றன.

அப்படியானால் கையால் ஆட்டும் முறை எதற்கு? ஜேடேக் பேசும் ஒவ்வொரு சிப்புக்குள்ளும் 16 நிலைகள் கொண்ட ஒரு சிறு இயந்திரம் இருக்கிறது. வழிகாட்டி சிக்னலைப் பார்த்துப் பார்த்து அது ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகரும். தகவல் வரிசையின் கடைசி பிட் உள்ளே போகும் அதே துடிப்பில் வழிகாட்டி உயர வேண்டும். அப்போதுதான் இயந்திரம் தகவல் நிலையை விட்டு வெளியே வரும். மூட்டை முறை ஓடும்போது வழிகாட்டியைத் தொட முடியாது. அதனால் 3 கோடி பிட்டுகள் மூட்டையாகப் போனாலும், கடைசி ஒரு பிட்டை மட்டும் கணினி கையால்தான் போட்டாக வேண்டும். இந்த வேலைப் பங்கீடு முழுவதும் அந்த 64 மேக்ரோசெல்களுக்குள் அடங்கிவிடுகிறது.

எஃப்டி2232 போன்ற யூஎஸ்பி சிப்கள் இந்தச் சரம் தொடுக்கும் வேலையைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தன. மலிவு விலை பிளாஸ்டர்களோ சிபிஎல்டியை எடுத்துவிட்டு, சின்ன மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றால் எல்லாவற்றையும் சமாளிக்கின்றன. சில நன்றாகவே ஓடும். சிலவோ பெரிய கோப்பின் நடுவில் திணறி நின்றுவிடும். மாணவரோ தன் டிசைனில்தான் தப்பு என்று இரவெல்லாம் தேடிக்கொண்டிருப்பார். நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கக் கற்பவரின் நம்பிக்கையை விலையாகக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. கிளாஸ்கோ என்ற திறந்த வன்பொருள் கருவி, சிபிஎல்டி இருந்த இடத்தில் ஐஸ்40 எச்எக்ஸ்8கே என்ற முழு எஃப்பிஜிஏவையே வைத்திருக்கிறது. அதில் நிரந்தரமான சுற்று எதுவும் கிடையாது. ஜேடேக் வேண்டுமென்றால் அதற்கான சுற்றைக் கணினி அப்போதே கட்டி ஏற்றும். அடுத்து ஒரு ஃபிளாஷ் சிப்பைப் படிக்க வேண்டுமென்றால் பழையதை அழித்துப் புதியதை ஏற்றும். இந்தச் சுற்றுகளை பைத்தானில் எழுதலாம். கிளேர் உல்ஃப் தொடங்கி 2015-இல் வெளியான ஐஸ்ஸ்டார்ம் திட்டம், ஐஸ்40 சிப்புகளின் பிட்ஸ்ட்ரீம் வடிவத்தைத் தடம் பிடித்துப் பொதுவில் வைத்தது. அது இல்லையென்றால் இதெல்லாம் நடந்திருக்காது.

நம் கைக்கு எட்டுவது ராஸ்பெரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்தது. அதன் ஆர்பி2040 சிப்பில் பிஐஓ என்ற பகுதி இருக்கிறது: எட்டு குட்டி ஸ்டேட் மெஷின்கள், நான்கு நான்காக இரண்டு தொகுதி, தொகுதிக்கு 32 கட்டளைகளுக்கு இடம். இலக்கண சுத்தமாகப் பார்த்தால் இதை நிரல்படு தர்க்கச் சுற்று என்று சொல்ல முடியாது. ஆனால் வேலை அதுதான். உதாரணமாக, ஏஆர்எம் சிப்களுக்குள் எட்டிப் பார்க்க உதவும் எஸ்டபிள்யூடி முறையில் தகவலுக்கு ஒரே வயர். புரோப் (பிளாஸ்டர் போன்ற இணைப்புப் பெட்டி) எட்டு பிட் கேட்டுவிட்டுக் கையை எடுக்க வேண்டும். ஒரு துடிப்பு இடைவெளிக்குப் பின் அதே வயரில் சிப் பதில் சொல்லும். கையெடுக்கும் துடிப்பு தவறினால் இருவரும் ஒரே வயரில் மோதுவார்கள். அந்தத் திசை மாற்றத்தை பிஐஓ துடிப்புப் பிசகாமல் செய்துவிடும்.

நம் கல்லூரி லேப்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எஃப்பிஜிஏ போர்டு வெளியே வருவது டிராஃபிக் லைட்டுக்கும் கவுன்டருக்கும்தான். மேனுவலில் உள்ளதைத் தட்டச்சு செய்து, எல்இடி எரிந்ததும் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. போர்டு மறுபடி பீரோவுக்குள். சென்னை ஐஐடியில் சக்தி என்ற செயலிக் குடும்பத்தையே வடிவமைத்து, எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றி, டீபக்கர் என்ற பிழைதேடும் கருவி வழியாக உள்ளே பார்க்கிறார்கள். அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு டீபக்கர் என்பது ‘டிரைவர் ஏறாத பெட்டி’யாகவே நின்றுவிடுகிறது.

அந்த பீரோ போர்டையே புரோப் ஆக்கலாம். எட்டு பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர், ஒரு கவுன்டர், சின்ன ஸ்டேட் மெஷின்: இரண்டாம் ஆண்டு பாடம்தான். இரண்டும் 3.3 வோல்ட்தானா என்று பார்த்துவிட்டு, அதை இன்னொரு போர்டின் ஜேடேக் பின்களோடு இணைத்து, கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். வழிகாட்டியை உயர்த்தி வைத்து ஐந்து துடிப்பு கொடுங்கள். எதிர் சிப் 16 நிலைகளில் எதில் இருந்தாலும் தொடக்க நிலைக்கு வந்துவிடும். அங்கிருந்து தகவல் நிலைக்குப் போய் 32 துடிப்பு கொடுத்தால், அடையாள எண் உள்ள சிப் அதை வெளியே தள்ளும். முதல் பிட் எப்போதும் 1. அதன் பின்னால் தயாரிப்பாளருக்கு 11 பிட், சிப்பின் வகைக்கு 16, பதிப்புக்கு 4.