தாதரும் அச்சுத் தகடும்

தாதரில் பால்கே சாலை வழியே நாள்தோறும் செல்லும் நம்மவருள், இந்தியச் சினிமாவின் தந்தை முதலில் அச்சுத் தொழிலராயிருந்தார் என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடம் பின்னர் லோணாவளாப் பக்கம் மாறிற்று. அதற்காகப் பணிபுரிந்த பால்கே, 1908இல் லோணாவளாவில் செதுக்கச்சுக்கூடம் தொடங்கிப் பின்னர் தாதருக்கு மாற்றினார். ரவி வர்மா அச்சுக்கூடமோ 1972இல் தீக்கிரையாயிற்று. எஞ்சியவை அரும்பொருள்களே.

ஆதலால், பெரியோர் உருவம் இடவலம் மாறிப் பொறித்த பழைய செப்புத்தகடு ஏதேனும் கிட்டினால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பூஜைப் பாத்திரம்போல் புளியிட்டுத் துலக்கவும் வேண்டாம். மென்துணியால் தூசி துடைத்து, ஈரம் படாமல் வையுங்கள். நுண்கோடு தேய்ந்தால் முகமே மறைந்துபோம். மறைந்த முகத்தை மீண்டும் அச்சிட இயலாது.