ஏலத் தோட்டத்துக் கணுக்காலிகள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலைக்கு வருங்கால், பருத்துப் பசுமை மாறாத காய்க்கும் சொறி படிந்த காய்க்கும் உள்ள விலை வேற்றுமையை அங்கத்தினர் நன்கறிவர். சொறியை உண்டாக்குவது இலைப்பேன். அதே செடியில் காய் பிடிக்கச் செய்வது தேனீ. இரண்டும் கணுக்காலிகள் என்னும் பெருங்குலத்தைச் சேர்ந்தவை. தெளிக்கும் மருந்துக்கோ இரண்டும் ஒன்றே.

நண்டு, சிலந்தி, பூரான், பூச்சி ஆகிய யாவும் இக்குலத்தனவே. இவற்றின் கால்கள் கணுக்கணுவாய் அமைந்தவை. உடலைத் தாங்கும் கூடு புறத்தே ஓடாக உள்ளது. மன்னார் வளைகுடாவில் வாழும் நட்சத்திர மீன், கடல் முள்ளெலி முதலிய முட்தோலிகளின் கூடு தோலுக்கு அடியில் இருந்து உடலோடு சேர்ந்து வளரும். கணுக்காலியின் ஓடு அவ்வாறு வளராது. ஆதலின் பழைய தோலை உரித்தே அது பெரிதாக வேண்டும். பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்த பின்னரே கூடு கட்டுகிறது. அக்கூட்டின் இழையே தறிக்கு வருகிறது.

ஏலத்தின் தண்டு துளைப்பானும் பட்டுப்புழுவைப் போன்று ஓர் அந்துப்பூச்சியின் புழுவே. கரும்புள்ளியிட்ட மஞ்சள் நிறச் சிறகுடைய அந்து முட்டையிட, இளம்புழு முதலில் சரத்தையும் பிஞ்சையும் தின்று, பின்னர்த் தண்டினுள் புகுகிறது. துளைவாயில் எச்சம் தள்ளியிருப்பதைக் கண்ட பிறகு மருந்தடிப்பது பெரும்பாலும் வீண்செலவு. உள்ளிருக்கும் புழுவை அது எட்டுவதில்லை. அந்து தலைகாட்டிய 15 முதல் 20 நாட்களுக்குள் தெளித்தால் இளம்புழு அகப்படும்.

இலைப்பேன் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும் அளவினது. இலையுறைக்குள்ளும் பூவிலும் ஒளிந்து, பிஞ்சின் தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுகிறது. காயம் ஆறிச் சொறியாகிறது. கோடையில் இதன் பெருக்கம் மிகுதி. காய்ந்த இலையுறைகளை உரித்து அப்புறப்படுத்தினால் அதன் ஒளிவிடம் குறையும், மருந்தும் உள்ளே செல்லும். இவ்வேலையைக் கூலிக்கு அஞ்சித் தள்ளிப்போடுவோர் பலர். மருந்துக்கு அதனினும் மிகுதியாகச் செலவிடுவோரும் அவர்களே.

இனித் தேனீயைக் கவனிப்போம். ஏலப்பூ விடியலில் மலர்ந்து ஒரு நாளில் வாடுவது. அதன் சூல்முடி மகரந்தப் பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், தன் மகரந்தம் தானே அதனை அடைவதரிது. அடுக்குத்தேனீயும் மலைத்தேனீயும் பூவினுள் நுழைந்து எழும்போதே மகரந்தம் சேருகிறது. தேனீ வராத பூ பெரும்பாலும் காயாவதில்லை. தேனீக்கள் மிகுதியாக உழைப்பது முற்பகலில். பூப்பருவத்தில் காலையில் மருந்தடிக்கும் விவசாயி, இலைப்பேனோடு தம் விளைச்சலையும் கொல்கிறார். தெளிக்கத்தான் வேண்டுமெனில் பிற்பகலில், தேனீக்கள் கூடு திரும்பிய பின் தெளிக்க வேண்டும். அண்டைத் தோட்டத்தில் தேனீப்பெட்டி வைத்திருப்பவர்க்கு முதல் நாளே சொல்லிவிடவும் வேண்டும். அடிவாரத்தில் மல்பெரி பயிரிடுவோர் அருகில் இருப்பின் அவர்க்கும் சொல்லுதல் நன்று. மருந்து பட்ட இலையைத் தின்ற பட்டுப்புழு கூடு கட்டும் வரை பிழைத்திராது.