முன்பாரமும் பின்பாரமும்

அமெரிக்காவின் ஒஹாயோ, இந்தியானா, அயோவா பக்கத்துக் கோடைச் சந்தைகளுக்குப் போனால், எழுபது எண்பது வயதான டிராக்டர்கள் களிமண் தடத்தின் ஓரம் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். சிவப்பு என்றால் ஃபார்மால், பச்சை என்றால் ஜான் டியர், ஆரஞ்சு என்றால் அல்லிஸ் சால்மர்ஸ். நிறத்தைச் சொல்லியே அண்ணன் தம்பிகள் கட்சி பிரிந்து நிற்பார்கள். பின்னால் ஒரு பாரவண்டியைக் கட்டி 300 அடி இழுக்க வேண்டும், போட்டி அவ்வளவுதான். பழைய வண்டிகளுக்கான பிரிவுகள் பலவற்றில் வேகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் போச்சு.

சூது எல்லாம் அந்தப் பாரவண்டியில் இருக்கிறது. புறப்படும்போது எடைப்பெட்டி அதன் பின்சக்கரங்களுக்கு மேல் நிற்பதால் இழுப்பதற்கு லேசு. வண்டி நகர நகர, அதன் சக்கரங்களே சங்கிலி வழியாகப் பெட்டியை முன்னுக்கு ஏற்றிக்கொண்டு வரும். முன்பக்கம் சக்கரம் கிடையாது, மண்ணில் தேய்கிற இரும்புத் தட்டுதான். ஆகவே போகப் போகப் பாரம் கூடும். இந்த ஏற்பாடு வருவதற்கு முன் ஆட்கள் தடத்தோரம் இடைவெளி விட்டு நிற்பார்களாம். டிராக்டர் இழுத்து வரும் பலகை தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக ஏறிக்கொள்வார்கள். மோட்டார் வண்டிகள் இழுத்த முதல் போட்டிகள் 1929-இல் ஒஹாயோவின் பௌலிங் கிரீன் போன்ற இடங்களில் நடந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் குதிரைகள் இழுத்தன.

ஃபார்மால் 'எம்' என்ற வண்டியை எடுத்துக்கொள்வோம். 1939 முதல் 1952 வரை இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இன்றும் கொட்டகைகளில் கிடக்கிறது, உதிரி பாகமும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகச் சோதனையில் 40 குதிரைத்திறனைத் தொடாத எஞ்சின். புதிதாக வருகிறவர்கள் முதலில் கைவைப்பது அந்த எஞ்சினில்தான். அந்த வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் எஞ்சினில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அந்தக் காலத்து வண்டிகள் பலவும் மலிவான மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்காகக் குறைந்த அழுத்தத்தில் கட்டப்பட்டவை. ஹெட்டை மாற்றிப் பெட்ரோலுக்குக் கொண்டுவந்தால் உயிர் வரும். 'சூப்பர் எம்' வண்டியின் 4 அங்குல பிஸ்டனைப் போட்டால் 248 கன அங்குல எஞ்சின் 264 ஆகும். வால்வுக்கு லேப் அடித்து, மேக்னட்டோவைச் சரிபார்த்து, கார்புரேட்டரைக் கழுவி வைத்தாலே பாதிக் குறை தீரும். கவர்னரை முறுக்கிச் சுற்று வேகத்தை ஏற்றுவது மட்டும் ஆபத்து. பழைய வார்ப்பிரும்புக் கிளட்ச் தட்டு வெடித்தால், துண்டுகள் ஓட்டுநரின் காலைத் தேடித்தான் வரும்.

எஞ்சின் எவ்வளவு சுழன்றாலும் டயர் மண்ணைப் பிடிக்காவிட்டால் பயனில்லை. போட்டி எடை வகுப்புகளாக நடக்கிறது; ஓட்டுநரும் எடையில் சேர்த்தி. அதனால் கைதேர்ந்தவர்கள் முதலில் வண்டியை இளைக்க வைப்பார்கள். குளிரில் உறையாமலிருக்கவும் எடை கூடவும் டயருக்குள் ஊற்றிய கால்சியம் குளோரைடு கரைசலை வடித்துவிடுவார்கள்; ரிம்மை அரித்துத் தின்பதும் அதுதான். மிச்சமாகிற எடையை இரும்புக் கட்டிகளாக, வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. மாட்டு வண்டி கட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. இங்கே இழுக்கத் தொடங்கியதும் முன்பக்கத்து எடை தானாகவே பின்சக்கரத்துக்கு மாறும். பாரவண்டியைப் பூட்டுகிற கொக்கி உயர உயர இன்னும் அதிகமாக மாறும், பிடிப்பும் கூடும்; கூடவே மூக்கும் தூக்கும். ஆகவேதான் கொக்கியின் உயரத்துக்குப் பெரும்பாலான இடங்களில் 20 அங்குலம் என வரம்பு கட்டியிருக்கிறார்கள். முன்கட்டிகளை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும், முன்சக்கரங்கள் மண்ணை உரசியும் உரசாமலும் போகிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது ஸ்டீயரிங் வேலை செய்யாது. இடது வலது பிரேக்குகளைத் தனித்தனியாக மிதித்துத்தான் திருப்ப வேண்டும். அதனால் எஞ்சினைத் தொடுமுன் பிரேக்கைப் பாருங்கள் என்பேன்.

மூக்கு தூக்கி வண்டி மல்லாந்து விழ இரண்டு விநாடி போதும். பின்னால் இரண்டு தாங்கு கம்பிகள், பாரவண்டியிலிருந்து இழுத்தால் எஞ்சினை அணைக்கிற கயிறு ஆகிய இரண்டும் இல்லாமல் தடத்தில் இறங்கக் கூடாது.

டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும். அளவு மீறிக் குறைத்தால் ரிம் உள்ளேயே சுழன்று ட்யூப் வால்வைப் பிய்த்துவிடும். டயர் பட்டைகளைக் கத்திபோலச் சீவிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் எஞ்சின் பிளாக்கைத் தவிர மற்றதெல்லாம் புதிதாக இருக்கிற வண்டியைப் பழசு என்று எடைமேடையில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. கம்பெனி கொடுத்தபடியே இழுக்கிற பிரிவுகளில்தான் ஓட்டுநரின் கை தெரிகிறது: சங்கிலியின் தொய்வை எடுத்து, கிளட்சை மெல்ல விட்டு, யாரும் உழுது போடாத மண்ணைத் தேடி ஓரம் பிடிக்கிற கை.

முதலில் இழுக்கிறவருக்குத் தடத்தின் குணம் தெரியாது. அதனால் வேண்டாமென்று தோன்றினால் இழுத்த தூரத்தைக் கைவிட்டுப் பிறகு மறுபடி இழுக்கும் உரிமையை அவருக்குக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. 270 அடி போயிருந்தால் வைத்துக்கொள்வதா, விடுவதா? பாரவண்டி தொடக்கக் கோட்டுக்குத் திரும்புவதற்குள் சொல்லியாக வேண்டும்.