காட்டேரி குடிக்கும் பாட்டில் ரத்தம்

சூக்கி ஸ்டாக்ஹவுஸ் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஒரு சிற்றூர் மதுக்கடையில் பரிமாறுகிற பெண். பாட்டியோடு பழைய வீடு, கைச்செலவுக்கு டிப்ஸ் காசு. கூடவே ஒரு தொல்லை: மற்றவர்கள் மனதில் நினைப்பதெல்லாம் அவளுக்குக் கேட்டுவிடும். ரத்தக்காட்டேரிகளின் மனம் மட்டும் கேட்பதில்லை. அந்த நிம்மதிக்காகவே அவளுக்கு ஒரு காட்டேரியைப் பிடித்துப்போகிறது! ஷார்லெய்ன் ஹாரிஸ் 2001 முதல் 2013 வரை எழுதிய 13 துப்பறியும் நாவல்களின் நாயகி இவள். ‘ட்ரூ பிளட்’ தொலைக்காட்சித் தொடரும் இவள் கதைதான்.

கதைக்கு அச்சாணி ஒரு பாட்டில். ஜப்பானியர்கள் செயற்கை ரத்தம் தயாரித்துவிட, இனி மனிதரைக் கடிக்கத் தேவையில்லை என்று காட்டேரிகள் வெளியுலகுக்கு வந்துவிடுகின்றன. நாவலாசிரியர் சில வரிகளில் முடித்துவிட்ட இந்தக் கண்டுபிடிப்பில்தான் நிஜ ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகின்றன.

குடிப்பதற்கான ரத்தம் பெரிய விஷயமல்ல. காட்டேரிக்கு அது வெறும் சாப்பாடு. ரத்தம் குடிக்கும் வௌவால்களுக்கு விலங்குக் காட்சியகங்களில் இறைச்சிக்கூடத்து மாட்டு ரத்தத்தைத் தட்டில் ஊற்றி வைக்கிறார்கள், நக்கிக் குடித்துவிடுகின்றன. ரத்தக்குழாயில் ஏற்றும் ரத்தம்தான் சிக்கல். அது ஓடவேண்டும், உயிர்வளியைச் சுமக்கவேண்டும், சரியான இடத்தில் இறக்கியும் வைக்கவேண்டும்.

இந்த வேலையைச் செய்வது சிவப்பணு. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். உயிர்வளியைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் புரதம் அது. ஒவ்வொன்றும் நான்கு உயிர்வளி மூலக்கூறுகளைத் தூக்கும். ஆக, ஒரே சிவப்பணுவில் நூறு கோடிக்கும் மேல்! சரக்குக்கு இடம் வேண்டும் என்பதற்காகத் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது இந்தச் சிவப்பணு. தன்னைவிடக் குறுகலான நுண்குழாயிலும் வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். ஆயுள் 120 நாள்தான். இந்தப் பத்தியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் எலும்பு மஜ்ஜை கோடிக்கணக்கில் புதியவற்றைச் செய்திருக்கும்.

ஹீமோகுளோபினை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றினால் என்ன? செய்து பார்த்தார்கள். சிவப்பணுவின் உறை இல்லாமல் வெளியே வந்ததும் அது இரண்டாக உடைந்து சிறுநீரகத்தைக் கெடுத்தது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் உறிஞ்சிக்கொண்டது. குழாய்கள் சுருங்கி அழுத்தம் எகிறியது. மெல்லிய ஒரு சவ்வு இத்தனை ஆபத்தையும் அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. மாட்டு ஹீமோகுளோபினை உடையாதபடி கோத்துச் செய்த ‘ஹீமோப்யூர்’ தென்னாப்பிரிக்காவில் அனுமதி பெற்றது 2001இல். சூக்கியின் முதல் நாவலும் அதே ஆண்டுதான்.

ஜப்பான் விஷயத்திலும் ஹாரிஸின் கற்பனை உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒசாகாவின் கிரீன் கிராஸ் நிறுவனம் ஃபுளோரின் சேர்மங்களால் ‘ஃபுளூசால்’ என்ற திரவத்தைத் தயாரித்தது. அதில் ஹீமோகுளோபினே கிடையாது. உயிர்வளி அதில் அப்படியே கரைந்துகொள்ளும். நிறம் பால் வெள்ளை! இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையில் பயன்படுத்த 1989இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் நோயாளி ஏறக்குறைய தூய உயிர்வளியைச் சுவாசித்தால்தான் அது உருப்படியாகச் சுமக்கும். உறையவைத்துக் காத்து, பிறகு உருக்கிக் கலக்கும் வேலை வேறு. 1994இல் கைவிட்டார்கள்.

இப்போது வழி மாறியிருக்கிறது. ஜப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில், காலாவதியான தான ரத்தத்திலிருந்து ஹீமோகுளோபினை எடுத்துச் செயற்கைக் கொழுப்பு உறைக்குள் அடைக்கிறார்கள். ரத்த வகை பார்க்கத் தேவையில்லை. பிரிட்டனில் தானம் தந்தவரின் குருத்தணுக்களிலிருந்து சிவப்பணுவையே வளர்த்து, 2022இல் முதன்முறையாக இன்னொருவர் உடலில் ஏற்றினார்கள். ஏற்றிய அளவு ஓரிரு தேக்கரண்டிதான். நம் ரத்த வங்கிகளில் ஒருவரிடம் ஒரு தடவை எடுப்பது குறைந்தது 350 மில்லி.