நான்காண்டுக் கருணை

ஸ்காட்லாந்து தேசத்தில் சர்வகலாசாலையின் ஆனர்ஸ் பட்டம் பெறுவதற்கு நான்கு ஆண்டுகள் செல்லும். இங்கிலாந்தைப்போல மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடாமை அந்நாட்டுக் கல்வி முறையின் நெடுநாளைய விசேஷம். 2018-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம், சர்வகலாசாலைகளிலும் கல்லூரிகளிலும் மாணாக்கரின் மனத்துயரைக் கேட்டு ஆற்றுவதற்கென்று 80-க்கு மேற்பட்ட ஆலோசகர்களைப் புதிதாக ஏற்படுத்தப்போவதாகவும், அதன்பொருட்டு நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 2 கோடி பவுண்டு வழங்கப்போவதாகவும் வாக்களித்தபோது, அந்த நான்கு என்னும் எண்ணுக்குள்ளே ஒரு விபரீதமும் சேர்ந்தே ஒளிந்திருந்தது.

ஆலோசகர் என்பவர் மருந்தெழுதும் வைத்தியரும் அல்லர். புத்திமதி சொல்லும் பெரியவரும் அல்லர். வீட்டை விட்டு முதன்முதலாகப் பிரிந்து வந்தவளின் ஏக்கத்தையும், பரீட்சையில் தவறிப்போய் ஊருக்கு எழுத அஞ்சுபவனின் அவமானத்தையும், வாரந்தோறும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டு, அவர்களே தங்கள் சிக்கலின் நுனியைக் கண்டுபிடிக்கும் வரையில் பொறுமையோடு உடனிருப்பவர் அவர். இதற்குத்தான் அரசாங்க வைத்தியசாலையில் இலவசச் சிகிச்சை இருக்கிறதே என்று ஒருவர் வினவலாம். இருக்கிறது, ஆனால் மனோதத்துவச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 100-க்கு 90 பேருக்கு 18 வாரங்களுக்குள் அதைத் தொடங்க வேண்டும் என்பதே அங்கு வகுத்துள்ள இலக்கு. கலாசாலையில் பாடம் நடக்கும் பருவமோ 11 அல்லது 12 வாரங்களில் முடிந்துபோகும். மாணாக்கனின் முறை வருவதற்குள் பரீட்சையும் வந்து போய்விடும். சில வேளைகளில் அவனே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். ஆகையால்தான் கலாசாலைக்குள்ளேயே ஓர் அறையும், அதில் ஒரு மனிதரும் அவசியமாகின்றனர்.

தேவையின் அளவையும் அந்நாடு அறியாமல் இல்லை. அங்குள்ள 19 உயர்கல்வி நிலையங்களையும் சேர்ந்த 15,000-க்கு மேற்பட்ட மாணாக்கரை வினவி, மனநலத் தொண்டு நிறுவனம் ஒன்று 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 74 பேர் மனநிறைவு குன்றியிருந்தனர். 36 பேரிடம் ஓரளவு கடுமையான அல்லது கடுமையான மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. இவ்வாறிருந்தும், 2019-இல் தொடங்கிய நான்காண்டுக் கெடு 2023-இல் முடிந்ததும் மானியமும் முடிந்தது. இடைக்கால உதவியாக ஏறக்குறைய 32 லட்சம் பவுண்டு மேலும் ஓராண்டுக்குக் கிடைத்தது; அதன்பின் கலாசாலைகள் தங்கள் சொந்தப் பையையே துழாவ வேண்டியதாயிற்று.

அந்தப் பையின் நிலைமையும் பரிதாபத்துக்குரியது. உள்நாட்டு மாணாக்கரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது ஸ்காட்லாந்தின் போற்றத்தக்க தர்மம். ஆயினும் அவர்களுக்காக அரசாங்கம் செலுத்தும் தொகை, ஏறும் விலைவாசிக்கு ஈடுகொடாமல் பின்தங்கவே, இந்தியா, நைஜீரியா முதலிய தேசங்களிலிருந்து பெருங்கட்டணம் செலுத்தி வருவோரைக் கொண்டு குறையை நிரப்பிவந்த கலாசாலைகள், அவ்வரவும் சுருங்கியபோது திகைத்து நின்றன. டண்டீ சர்வகலாசாலை 2025 மார்ச்சில், 3 கோடியே 50 லட்சம் பவுண்டு பற்றாக்குறையைக் காட்டி, 632 வேலைகளைக் குறைக்கும் உத்தேசத்தை வெளியிட்டது. பேராசிரியருக்கே ஆபத்து வந்த இடத்தில், ஆலோசகரின் நாற்காலி எம்மட்டு?

தற்காலிகப் பணத்துக்கு மற்றொரு தோஷமும் உண்டு. கெடு வைத்த மானியத்தில் நியமனம் பெறுபவர் கெடு வைத்த உத்தியோகத்தில்தான் அமர முடியும். குடும்பஸ்தரான ஒருவர் கடைசி நாள் வரையில் காத்திராமல், அதற்கு முன்னரே நிலையான வேலை தேடிப் போவது சகஜமே. ஆறு மாத காலம் தயங்கித் தயங்கி வாய் திறந்த மாணாக்கன், மறுபடியும் வேறொருவரிடம் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

2019-இல் சேர்ந்தவன் நான்காண்டும் படித்து 2023-இல் பட்டம் பெற்றபோது, அவனோடு கூடவே அந்த மானியமும் விடைபெற்றுக்கொண்டது. அவன் எழுந்து போன பெஞ்சியில் அவ்வாண்டே ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். துயரத்துக்கும் பட்டமளிப்பு விழா உண்டென்று கணக்கர்கள் எண்ணினார்கள் போலும்!