அப்பாடா!

தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்ததும் 'அப்பாடா' என்கிறோம். அந்தச் சொல்லோடு நெஞ்சிலிருந்த காற்றும் இறங்கிவிடுகிறது. ஆனால் சும்மா உட்கார்ந்து பெருமூச்சு விட்டால் மட்டும் வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுக்காது. "குடும்பத்துக்கு ஆகாது" என்று அதட்டுவார்கள்.

பெருமூச்சு விடாத மனிதர் கிடையாது. கவலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிக்குச் சுமார் 12 முறை நம்மை அறியாமலே விடுகிறோம். நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. சாதாரண மூச்சில் அவற்றில் சில சுருங்கி, நனைந்த பிளாஸ்டிக் பையின் வாய்போல ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் திறக்க, இழுத்த மூச்சின்மேல் இன்னொரு மூச்சு ஏற வேண்டும். அழுது ஓய்ந்த குழந்தை தேம்புகிறதே, அதில் இந்த இரட்டை மூச்சைக் கண்ணால் காணலாம்.

பெருமூச்சை இயக்கும் சிறு நரம்பணுக் கூட்டம் மூளைத்தண்டில் இருக்கிறது. விஞ்ஞானிகள் ஜாக் ஃபெல்ட்மன், மார்க் கிராஸ்னோ ஆகியோரின் குழுக்கள் 2016-இல் எலிகளில் அதைக் கண்டறிந்தன. அதன் இயக்கத்தைத் தடுத்தபோது எலிகள் வழக்கம்போல மூச்சுவிட்டன. பெருமூச்சு மட்டும் நின்றுபோனது.

சரி, மனம் ஏன் லேசாகிறது? மணிக்கட்டில் விரலை வைத்து மெதுவாக மூச்சுவிட்டுப் பாருங்கள். உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரையும், வெளிவிடும்போது தணியும். இளையவர்களிடம் இது நன்றாகவே தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்புதான் இதற்குக் கடிவாளம். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் விஞ்ஞானி ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதன் துடிப்பைத் தணித்தார். அந்த இதயத்தில் நிரம்பியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் தணிந்தது! நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் பேசுகிறது என்பது 1921-இல் இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. இந்தச் சோதனையின் வழிமுறை தமக்குக் கனவில் தோன்றியதாக லோவியே சொல்லியிருக்கிறார். 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு சுரந்த அந்த வேதிப்பொருள்தான் அசிட்டைல்கோலின். மூச்சை நீட்டி வெளிவிடும்போதெல்லாம் நம் இதயத்தின் மேலும் அது சொட்டுகிறது.

ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், சிலர் ஒரு மாதம் தினமும் 5 நிமிடம் வேண்டுமென்றே பெருமூச்சு விட்டார்கள். வேறு சிலர் அதே நேரம் தியானம் செய்தார்கள். பெருமூச்சு விட்டவர்களின் மனநிலை கூடுதலாக மேம்பட்டிருந்தது.

செய்வது எளிது. மூக்கால் இழுங்கள், நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் இழுங்கள். பிறகு வாயால், அவசரமே இல்லாமல், முழுவதும் விடுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். கடனும் வேலைச்சுமையும் இதனால் குறையாது. அவற்றைச் சுமக்கும் உடம்பு கொஞ்சம் இளைப்பாறும். வாரக்கணக்கில் தூக்கமே வராதவர்களுக்கு மூச்சு மட்டும் போதாது, மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டால் இனி அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேளுங்கள்.